வெப்சைட்டை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா? கொடைக்கானல் காட்டேஜ்காரர்களும் கடைக்காரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கொடைக்கானலில் இருந்துகொண்டு காட்டேஜ், ஹோம்ஸ்டே, சாக்லேட் கடை, மலைப்பூண்டு வியாபாரம் நடத்துகிறவர்களுக்கு வெப்சைட் செய்து தருகிறேன். ஊட்டி, கோத்தகிரி பக்கமும் சிலர் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் சீசன் முடிந்து கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "வெப்சைட்ட மாத்தணுமா தம்பி?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

வெப்சைட் செய்து ஆறு வருடம் ஆகிவிட்டது. பழசாகத் தெரிகிறது. மாற்றியே ஆக வேண்டுமா?

வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் ஊரில் தகரக் கூரை போட்ட பழைய பங்களாக்கள் எத்தனை இருக்கின்றன. மழைக்கு முன்னால் ஆள் ஏறிப் பார்த்து, துருப்பிடித்த ஆணியை மாற்றிவிட்டு இறங்குவார். ஒழுகாத கூரையை யாரும் பிரிப்பதில்லை.

"பழசாகத் தெரிகிறது" என்று சொல்வது பெரும்பாலும் உரிமையாளர்தான். தினமும் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துப்போயிருக்கும். தங்க இடம் தேடுகிறவர் அதை முதல் தடவையாகப் பார்க்கிறார். அறை எப்படி இருக்கும், வாடகை என்ன, எப்படி வந்து சேர்வது, யாரைக் கூப்பிடுவது, இந்த நான்கும் அவருக்குச் சட்டென்று கிடைத்தால் போதும், அந்த வெப்சைட் இன்னும் சில வருடம் ஓடும்.

சரி, மாற்ற வேண்டும் என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

உங்கள் போனை வைத்துத்தான். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரிடமும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

நாயுடுபுரம் பக்கம் காட்டேஜ் நடத்தும் ஒரு அக்கா, புக்கிங் குறைந்துவிட்டது, வெப்சைட்டைப் புதிதாகச் செய்துகொடு என்று கூப்பிட்டார். போனேன். சனிக்கிழமை காலை. ரிசப்ஷன் மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டை விரித்து வைத்து, வருகிற போன் ஒவ்வொன்றிலும் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். மதியத்துக்குள் பதினாறு போன். அறை காலியாக இருக்கிறதா என்று கேட்டவை நான்கு. மற்றவை எல்லாம் வேறு. கார் நிறுத்த இடம் உண்டா, கெய்சர் எந்நேரமும் போடலாமா, டிரைவர் எங்கே தங்குவார், மலைக்கு வரும் வண்டிக்கான இ-பாஸ் எங்கே எடுப்பது, வயதான அம்மா வருகிறார், படி எத்தனை ஏற வேண்டும்.

ஒரு போன் மட்டும் எனக்கு மறக்கவே இல்லை. சென்னையிலிருந்து ஒரு குடும்பம். "கொடை ரோட்டுல இறங்கிட்டோம்மா, உங்க காட்டேஜுக்கு ஆட்டோ எவ்வளவு ஆகும்?" கொடை ரோடு ஸ்டேஷன் கீழே சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து இங்கே வர சுமார் 80 கிலோமீட்டர் மலையேற வேண்டும். அக்காவின் வெப்சைட்டைத் திறந்து பார்த்தோம். "அருகிலுள்ள ரயில் நிலையம்: கொடைக்கானல் ரோடு" என்று இருந்தது. தூரம் இல்லை, பஸ் எது என்று இல்லை, வத்தலக்குண்டு வழியா பழனி வழியா என்று இல்லை. கைக்குழந்தையோடு அந்த அம்மா ஸ்டேஷன் வாசலில் நின்றதற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

நீங்களும் இரண்டு வாரம் இப்படி எழுதிப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு, அதற்கான பதில் வெப்சைட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். பதிலே இல்லையென்றால் எழுதிச் சேர்த்தால் போதும், வெப்சைட்டை மாற்றத் தேவையில்லை. பதில் இருந்தும் ஜனங்கள் கேட்கிறார்கள் என்றால், அது கண்ணில் படாத இடத்தில் கிடக்கிறது. அது அமைப்பில் உள்ள கோளாறு. பதிலை எழுதலாம், ஆனால் வெப்சைட்டுக்குள் போய் ஒரு வரி சேர்க்க உங்களுக்கு வழியே இல்லை என்றால், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. அக்காவுக்கு இந்த மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தன.

என் கம்ப்யூட்டரில் வேகமாகத்தான் திறக்கிறது. பிறகு ஏன் மெதுவாக இருக்கிறது என்று சொல்கிறார்கள்?

உங்கள் வீட்டில் ஃபைபர் இருக்கிறது. போதாததற்கு, தினமும் திறப்பதால் படங்கள் ஏற்கெனவே உங்கள் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். விருந்தாளி எங்கிருந்து பார்க்கிறார்? மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸில், ஒரு புள்ளி சிக்னலில். மன்னவனூர் பக்கம் போய்விட்டால் அந்த ஒரு புள்ளியும் போய்ப் போய் வரும்.

கணக்கைப் பாருங்கள். கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒன்று சுமார் 5 எம்.பி. வரும். முகப்பில் பன்னிரண்டு படம் ஓடவிட்டால் 60 எம்.பி. மலையில் சில இடங்களில் கிடைக்கும் நொடிக்கு 2 மெகாபிட் (அதாவது கால் எம்.பி.) வேகத்தில் அது முழுவதும் இறங்க நான்கு நிமிடம் ஆகும். அதுவரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதே படத்தை வெப்பி (WebP) என்ற சிறிய பட வடிவத்தில் 200 கே.பி.க்குச் சுருக்கிவிட்டால், முதல் படம் ஒரு நொடிக்குள் வந்துவிடும். போன் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

கூகுள் இதற்கென்று அளவுகோலே வைத்திருக்கிறது. பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். பட்டனைத் தொட்டால் 200 மில்லி நொடிக்குள் ஏதாவது நடக்க வேண்டும். படிக்கும்போது படம் தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளக் கூடாது. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசப் பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் இவற்றை அளந்து சொல்லும். மொபைல், டெஸ்க்டாப் என்று இரண்டு தனி மதிப்பெண் வரும். மொபைலை மட்டும் பாருங்கள்.

படத்தைச் சுருக்கியும் மதிப்பெண் ஏறவில்லை என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. தேவையில்லாத பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்னச் சின்ன மென்பொருள்) முப்பது நாற்பது சேர்ந்திருக்கும். அதை ஒவ்வொன்றாகக் களைவதைவிடப் புதிதாகச் செய்வது சில சமயம் சுலபம்.

போனில் எழுத்து பொடியாகத் தெரிகிறது, விரலால் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. இது பெரிய விஷயமா?

ஆமாம், பெரிய விஷயம்தான். இந்தப் பக்கத்தில் நான் தயக்கமில்லாமல் "மாற்றுங்கள்" என்று சொல்லும் முதல் இடம் இது. கூகுள் இப்போது உங்கள் வெப்சைட்டின் போன் வடிவத்தைத்தான் பார்த்துப் பதிவு செய்கிறது. 2016-ல் அறிவித்த அந்த மாற்றத்தைப் படிப்படியாக முடித்து, 2024 ஜூலைக்குப் பிறகு போனில் திறக்கவே திறக்காத தளங்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்றும் சொல்லிவிட்டது.

இதோடு ஒட்டி இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் போன் நம்பர் எங்கே இருக்கிறது? பல காட்டேஜ் தளங்களில் அது முகப்புப் படத்துக்குள்ளேயே, பூவும் பனியும் பின்னால் தெரிய, அழகான எழுத்தில் இருக்கிறது. படத்துக்குள் இருக்கும் நம்பரை விரலால் தொட்டால் போன் போகாது. விருந்தாளி அதை மனப்பாடம் செய்து, வெளியே வந்து, அடிக்க வேண்டும். பாதி நம்பரில் மறந்துவிட்டு மறுபடி உள்ளே போவார். ஒருவர் இப்படிச் செய்வதைப் பூம்பாறை பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். மூன்றாவது தடவை விட்டுவிட்டு வேறு காட்டேஜைத் தேடினார். நம்பரை எழுத்தாகப் போட்டுத் தொட்டால் அழைக்கும்படி செய்வது அரைமணி நேர வேலை. அதற்கு ரீடிசைன் வேண்டாம்.

முகவரிக்குப் பக்கத்தில் "பாதுகாப்பானது இல்லை" என்று வருகிறதே?

எஸ்.எஸ்.எல். சான்றிதழ் (வெப்சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்டி அனுப்ப உதவுவது) இல்லை, அல்லது காலாவதியாகிவிட்டது. 2018 ஜூலையிலிருந்து குரோம் இப்படிக் காட்டுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் மூலம் இலவசமாகவே கிடைக்கும், உங்கள் வெப்சைட்டுக்கு சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங்காரரிடம் சொன்னால் போட்டுத் தருவார். இதைக் காட்டிப் பயமுறுத்தி முழு வெப்சைட்டையும் மாற்றச் சொல்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

இ-பாஸ் விவரம், சீசன் வாடகை எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

என் கணக்கில், வெப்சைட்டை மாற்றுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் சீசனுக்கான வரம்பும் வந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. இ-பாஸ் வந்த 2024 மே மாதம் முதல் வாரத்தை இங்கே தொழில் செய்கிறவர்கள் மறக்க மாட்டார்கள். போன் விடாமல் அடித்தது. வெப்சைட்டில் தாங்களே ஒரு வரி போட முடிந்தவர்கள் அன்றைக்கே போட்டுவிட்டார்கள். முடியாதவர்கள் ஒவ்வொரு போனிலும் அதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு காட்டேஜ்காரருக்கு அந்தச் சமயத்தில் வெப்சைட்டின் பாஸ்வேர்டே தெரியாது. செய்துகொடுத்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். டொமைனும், அதாவது வெப்சைட்டின் முகவரியும், செய்துகொடுத்தவர் பெயரில் பதிவாகியிருந்தது. பத்து வருடமாகத் தன் காட்டேஜ் பெயரில் நடந்த முகவரி தன்னுடையது இல்லை என்று அந்தக் காட்டேஜ் அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது. செய்துகொடுத்தவரைக் கண்டுபிடித்துப் பேசி மாற்றி வாங்க நான்கு மாதம் ஆனது. இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வாடகை மாறுவதால் அதைப் போடவே வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சீசனில் இவ்வளவிலிருந்து, மற்ற நாளில் இவ்வளவிலிருந்து என்று இரண்டு தொகை போட்டாலே போதும், பாதி போன் குறையும். வருகிற போன் எல்லாம் நிஜமாகவே தங்க வருகிற ஆளிடமிருந்து வரும்.

எங்கள் தமிழ்ப் பக்கம் சில போன்களில் ஏதோ ஆங்கில எழுத்தாகக் குழம்பித் தெரிகிறது. ஏன்?

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் அது தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். அதனால் கூகுளுக்கு அது தமிழே கிடையாது. யாராவது "கொடைக்கானல் மலைப்பூண்டு" என்று தமிழில் தேடினால் உங்கள் பக்கம் வரவே வராது. மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைப் பெயர் சொல்லித் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் கிடைத்தது, அங்கேயும் இதே கதைதான். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. எழுத்தை மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துத் திருத்த வேண்டும், ஒற்றெழுத்துகள் நிறைய இடம் மாறியிருக்கும்.

தமிழா ஆங்கிலமா என்று கேட்டால், யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். பூண்டு, தைலம் விற்கிறவர்கள் தமிழில் தொடங்குங்கள். காட்டேஜுக்குக் கேரளாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவார்கள், இரண்டும் வேண்டும்.

அப்படியானால் முழுவதுமாகப் புதிதாகச் செய்ய வேண்டிய நிலை எது?

போனில் பொருந்தாதது, உங்களால் திருத்த முடியாதது, இரண்டையும் சொல்லிவிட்டேன். அப்புறம், அடியில் ஓடும் மென்பொருள் செத்துப்போன தளங்கள். பல வெப்சைட்டுகளை அடியில் ஓட்டும் பி.எச்.பி. மொழியின் 7.4 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. அதற்கும் பழைய பதிப்பில் இன்னும் ஓடும் தளங்கள் இந்த மலையில் உண்டு. ஃபிளாஷ் என்ற பழைய அனிமேஷன் மென்பொருளில் செய்த முகப்பு 2021 ஜனவரியிலிருந்து எந்த பிரவுசரிலும் ஓடாது. இப்படி விட்டுவைத்தால் ஒருநாள் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். உங்கள் காட்டேஜ் பெயரைக் கூகுளில் தேடும்போது கீழே ஜப்பானிய எழுத்தில் ஏதோ கடைச் சரக்கு விளம்பரம் வந்தால், புகுந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளாதீர்கள்.

தொழிலே மாறிவிட்ட இடத்திலும் மாற்றத்தான் வேண்டும். மண்டிக்கு மூட்டை மூட்டையாகப் பூண்டு போட்டவர் இப்போது அரைக் கிலோ பாக்கெட்டாக வீடுகளுக்கு அனுப்புகிறார் என்றால், பழைய "எங்களைப் பற்றி" பக்கம் அவருக்கு உதவாது. விலை, எடை, அனுப்பும் செலவு, யு.பி.ஐ.யில் பணம் கட்ட வழி, இவை வேண்டும்.

கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாகச் செய்துகொண்ட சின்னத் தளம் உங்களுடையது என்றால், அதைக் கூகுள் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. விசிட்டிங் கார்டில் இன்னும் அந்த முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றினால் கூகுளில் இருக்கும் இடம் போய்விடுமா?

கவனமில்லாமல் மாற்றினால் போகும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

தொடக்க காலத்தில் ஒரு ஹோம்ஸ்டேக்கு வெப்சைட்டை மாற்றிக் கொடுத்தேன். பழைய தளத்தில் பூம்பாறைக்குப் போகும் வழி, குழந்தை வேலப்பர் கோயில், திரும்பி வர எத்தனை மணிக்குப் பஸ் என்று நீளமாக ஒரு பக்கம் இருந்தது. அலங்காரம் எதுவும் இல்லை, உரிமையாளரின் அப்பா எழுதியது. புதிய அமைப்பில் அதற்கு இடமில்லை என்று எடுத்துவிட்டேன். அடுத்த மாதமே விசாரணைகள் குறைந்தன. சர்ச் கன்சோலைத் (எந்தத் தேடலில் எந்தப் பக்கத்துக்கு ஆள் வருகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி) திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த வீட்டைத் தேடி வந்தவர்களில் பெரும் பகுதி அந்த ஒரு பக்கத்தின் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். கோயிலுக்கு வழி தேடியவர்கள், அப்படியே அங்கே தங்க அறையும் பார்த்திருக்கிறார்கள். பெரியவர் எழுதியதை அப்படியே திரும்பப் போட்டேன். பழைய நிலை வர மாதங்கள் ஆயின. பெரியவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அதனால் இப்போது வேலை தொடங்கும் முன் சர்ச் கன்சோலில் எந்தப் பக்கத்துக்கு ஆள் வருகிறது என்று பட்டியல் எடுத்துவிடுகிறேன். அந்தப் பக்கங்களைத் தொடுவதில்லை. முகவரி மாறித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு 301 திருப்பிவிடுதல் (பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகவே நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போட வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது ஏமாற்று வேலை, கோயில் பஸ் நேரம் தேடி வந்தவரை ரிசப்ஷனில் கொண்டுபோய் நிறுத்துவது போல. உங்களுக்குச் செய்கிறவரிடம் "பழைய முகவரிகளின் பட்டியல் எங்கே?" என்று கேளுங்கள். அவர் விழித்தால் பொறுமையாக வேறு ஆளைப் பாருங்கள்.

எந்த மாதத்தில் செய்வது நல்லது?

கொடைக்கானலுக்கு ஜூலை, ஆகஸ்ட். பிரையன்ட் பூங்கா மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் கை வைக்கவே வேண்டாம். ஊட்டிக்காரர்கள் செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய தளத்தை வெளியிடுவது செவ்வாயோ புதனோ இருக்கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியிட்டு ஏதாவது உடைந்தால், சனி ஞாயிறு முழுவதும் போச்சு.

இன்ஸ்டாகிராம் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது. வெப்சைட் எதற்கு?

இரண்டு அறை ஹோம்ஸ்டேக்குக் கூகுள் மேப்பில் சரியான இடக்குறியும், நல்ல படங்களும், எடுக்கிற போன் நம்பரும் இருந்தால் ஓரளவு நடந்துவிடும். ஆனால் இன்ஸ்டாகிராமில் போன வருடம் போட்ட இ-பாஸ் விவரத்தை இன்றைக்கு யார் தேடி எடுப்பார்கள்? முன்பதிவுத் தளங்களை மட்டும் நம்பினால் கமிஷன் போகும், வந்தவரின் நம்பரும் உங்கள் கையில் இருக்காது.

மாற்றிய பிறகு பலன் கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பது?

பார்வையாளர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். பலருடைய தளத்தில் அந்தக் கணக்கே ஓடவில்லை. கூகுளின் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1-லிருந்து புதிதாக எதையும் எண்ணுவதில்லை, மாற்றாமல் விட்டவர்களுக்கு அன்றோடு நின்றுவிட்டது.

மறுபடி நோட்டை எடுங்கள். அதே இரண்டு வாரம், அதே மேசை. நாயுடுபுரம் அக்கா இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். கொடை ரோடு போன் இப்போது வருவதில்லை. டிரைவர் தங்குமிடம், பார்க்கிங், படிக்கட்டு பற்றிய கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. பதினோரு படி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டு என்று படத்தோடு போட்டிருக்கிறோம். இப்போது அதிகம் வருவது "காலையில ஆறு மணிக்கே வந்துட்டா ரூம் கிடைக்குமா?" என்பது. ராத்திரி பஸ்ஸில் வருகிறவர்கள் கேட்கிறார்கள். அதற்கான வரியைப் போன வாரம் அக்காவே தன் போனிலிருந்து சேர்த்துவிட்டார்.